மூன்றாவது காகம்

பதினெட்டாயிரத்து ஐந்நூறு.
அதற்குக் கீழே, எறும்பு எழுத்தில்:
ஆடைச் செலவு நீங்கலாக.

ஓகஸ்ட் விடுமுறை நாடகப் பட்டறை,
பம்பலப்பிட்டியில், மூன்று கிழமை.
கேஷிகா அந்தத் தாளை நான்காக மடித்து
அரிசி வாளிக்குள், சுண்டுக்கு அடியில் வைத்திருந்தாள்,
நான் கட்டாயம் காணும் இடத்தில்.

இரவு விமலேந்திரன்
கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார்.
வாடகை. தண்ணி. சின்னவனின் இழுப்புக்கு மருந்து.
காஸ் இன்னும் பத்து நாள் தாங்கும்,
பருப்பை ஊறவைத்து அவித்தால் பன்னிரண்டு.
மிச்சம் நாலாயிரத்துச் சொச்சம்.
கீழே இரண்டு கோடு கீறினார்.
கடைக் கணக்கு எழுதும் கை,
எது மிஞ்சினாலும் இரண்டு கோடு கீறும்.

சலுகைக்கு ஒரு படிவம் இருந்தது.
'காரணம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில்
என் சுண்டுவிரல் நீளத்துக்குப் புள்ளிகள்.
எங்கே தொடங்குவது?
'வருமானம் போதாது' என்று எழுதினேன்.
புள்ளிகள் மிஞ்சின.

"கேட்டு வாங்கினா
பிள்ளையைப் பின்வரிசையில விடுவினம்" என்றார் அவர்.
இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்,
சொல்லவில்லை.

ஒற்றை அறை வீட்டில்
மெதுவாய்ப் பேசுவதும்
எல்லோருக்கும் கேட்கப் பேசுவதும் ஒன்றுதான்.
காலையில் தலை பின்னும்போது சொன்னாள்:
"எனக்கு அங்க போக விருப்பமில்லை அம்மா.
அந்த மிஸ் சரியா ஏசுவாவாம்.
வீட்ட இருந்து படம் கீறப்போறன்."
சரியான இடத்தில் ஒரு கொட்டாவி.
முழங்கையைக்கூடக் கொஞ்சம் சொறிந்தாள்.
பின்னலைப் பாதியில் பிடித்தபடி நின்றேன்.
பன்னிரண்டு வயது,
ஒத்திகை இல்லாமல்.
ஒரு கணம் நானே நம்பிவிட்டேன்.

அந்தக் கொட்டாவிக்காகத்தான்
ரிஸானாவின் சீட்டை நேரத்தோடு எடுத்தேன்,
ஆயிரத்து எழுநூறு கழிவில்.
சலுகை பாதிதான் கிடைத்தது.
மேல்மாடி ஜெனிற்றா அக்கா
வேலைக்குப் போகும் வழியில் அவளை இறக்கிவிட்டா.
நான் கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்கு நடந்தேன்,
செட்டியார் தெருவில் நகைக்கடைகள்
இன்னும் கதவு திறக்காத நேரத்தில்.
அது நல்லது. பார்க்க ஒன்றும் இல்லை.

வேடம்: மூன்றாவது காகம்.
ஒரேயொரு வசனம்.
சிறகுக்குத் துணி வாங்கவில்லை.
வீட்டில் இருந்த குடையைப் பிரித்து
கம்பிகளோடேயே தைத்தேன்.
கையைத் தூக்கினால் விரியும்.
முதலாம், இரண்டாம் காகங்களுக்கு
சாட்டின் துணி, பாவம், விரியாது.

நாடகத்துக்கு டிக்கெட் எண்ணூறு.
ஒன்று எடுத்தோம்.
முதல் பாதி எனக்கு, மற்றது அவருக்கு.
வெளியே தூறல்.
குடை மேடையில் நின்றது.

"கடல் இண்டைக்குப் பிந்தும்" என்றாள் என் பிள்ளை,
முந்நூறு பேருக்கு முன்னால், சிறகை விரித்து.
அவ்வளவுதான்.
இடைவேளையில், வாசலில்,
நனைந்த அவர் கையில் டிக்கெட்டைத் திணித்தேன்.
இனி அவளுக்கு வசனம் இல்லை என்பதைச் சொல்லவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில்
காலிமுகம் தாண்டும்வரை அவர் ஓயவில்லை.
"நாப்பது நிமிஷம்!
மற்றக் காகமெல்லாம் கால் மாத்தி மாத்தி நிண்டதுகள்.
இவள் அசையேல்ல. கவனிச்சியா?
ஒருக்காலும் அசையேல்ல."
நான் எங்கே கவனிப்பது,
அப்போது நான் மழையில் நின்றேன்.
ஓம் என்றேன்.

கண்டக்டர் வந்தார்.
"ரெண்டு முழுசு, ஒரு அரை" என்றார் இவர்,
ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.
கண்டக்டர் கேஷிகாவைக் குனிந்து பார்த்தார்.
மே மாதமே பன்னிரண்டு முடிந்த பெண்
கண்ணைத் திறக்காமல்
காலை மடக்கி, தோளைச் சுருக்கி,
வாயை லேசாய்த் திறந்து
என் மடியில் ஒன்பது வயதானாள்.