பிழை எண் 4417

மெர்ரிக் பாலத்திலிருந்து இதுவரை
எழுநூற்றுப் பன்னிரண்டு முறை விழுந்திருக்கிறேன்.
சம்பளத்துக்குத்தான்.
மூன்றாவது தூணுக்கும் நான்காவதுக்கும் நடுவே
சாலையில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தது:
லாரி போனால் தாங்கும்,
சைக்கிள் போனால் விழுங்கும்.
விழுந்தால் ஆறு நனைக்காது,
ஆற்றுக்கு அடியில் தரை கிடையாது,
சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று,
அதற்குப் பெயர் வைக்க யாருக்கும் நேரமில்லை.
அங்கிருந்து அண்ணாந்தால்
பாலத்தின் அடிவயிறு தெரியும்.
ஒரு ஆணிகூட வரையவில்லை.
யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டிருப்பார்கள்.

டண்டீயில், சணல் கிடங்காக இருந்த கட்டடத்தில்
இரண்டாம் மாடி, ஜன்னலோர மேசை என்னுடையது.
வெளியே டே ஆறு, நிஜ ரயில் பாலம்,
அதன் பக்கத்தில், என்றோ இடிந்த பழைய பாலத்தின்
அடிக்கட்டைகள் வரிசையாய்.
அவற்றை யாரும் திருத்தவில்லை.

மஞ்சள் கோட்டுப் பெண்ணை
அக்டோபரில்தான் கவனித்தேன்.
கோப்பில் அவள் பெயர் பாதசாரி_பெண்_09.
ஆட்டத்தின் கடிகாரத்தில் ஆறு பத்துக்கு
மீன்கடை வாசலிலிருந்து காகிதப் பையோடு கிளம்புவாள்.
நடு விளக்குவரை வருவாள்.
நிற்பாள். பையை மறு கைக்கு மாற்றுவாள்.
திரும்பிப் போய்விடுவாள்.
மழையிலும்.
யாரோ திருடிய ஆம்புலன்ஸ் பக்கத்தில் எரிந்தாலும்.

"பாதை அங்கே இணையவில்லை, மோர்வென். எழுதிப் போடு,"
என்றான் பக்கத்து மேசை ஃபர்கஸ்.
பதினொரு நாள் போடாமல் வைத்திருந்தேன்.
அந்த விளக்கடியில் என் ஆளை நிறுத்திவிட்டு
சாண்ட்விச் தின்பது பழகியிருந்தது.
அவளிடம் மூன்று வசனம் உண்டு.
இரண்டு குளிரைப் பற்றி.
மூன்றாவது: "வழி விடுங்க, எனக்கு நேரமாச்சு."
எதற்கு நேரமாச்சு என்று எழுதியவனுக்கே தெரியாது.

பன்னிரண்டாம் நாள் எழுதினேன்.
எண் 4417. தீவிரம்: குறைவு.
வெள்ளிக்கிழமை திருத்திவிட்டார்கள்.

ஆறு பத்து. மீன்கடை, பாலம், விளக்கு.
இந்தமுறை அவள் நிற்கவில்லை.
எனக்குக் கைதட்டத் தோன்றியது.
பின்னாலேயே போனேன்
நான்காவது தூண், சுங்கச் சாவடி, அக்கரை.
அக்கரையில் அவளுக்கென்று எதுவும் எழுதியிருக்கவில்லை.
வீடில்லை. திரும்பும் நேரமும் இல்லை.
எதிர்ப்பட்ட முதல் சுவரில் முகம் பதித்து
நடந்துகொண்டே இருந்தாள்.
"வழி விடுங்க," என்றாள் சுவரிடம்.

4431 என்று இன்னொன்று எழுதினேன்:
அவளுக்கு ஒரு கதவு வேண்டும்.
திங்கட்கிழமை பதில்:
பிழை அல்ல. மூடப்பட்டது.

மார்ச்சில் ஆட்டம் கடைகளுக்குப் போனது.
கிதான்ஸ்க்கில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் நர்ஸ் ஒருத்தி,
துரோதா என்று பெயர்,
நகரப் பேருந்து ஒன்றைத் திருடி,
நாலு விளக்குக் கம்பத்தைச் சாய்த்து,
அந்தச் சுவரோரம் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள்,
கதவு சரியாக மஞ்சள் கோட்டுக்கு நேரே.
படம் அனுப்பியிருந்தாள்.
இருக்கைகளுக்கு நடுவே அவள் நடக்கிறாள்,
நடக்கிறாள், ஓட்டுநர் இல்லை,
ஆனால் கூரை இருக்கிறது.

விட்டுப்போன வண்டி
இரண்டு நிமிடத்தில் தானாக மறைய வேண்டும்.
அதுதான் விதி.
மூன்று வாரமாகியும் அந்தப் பேருந்து மறையவில்லையாம்.
இது பிழைதான், சந்தேகமே இல்லை,
தீவிரம்கூட நடுத்தரம்.

நான் எழுதிப் போடவில்லை.