ஆயிரத்து எண்ணூறு

கல்முனையில் ஜெஸீல் கடை. மேசையில் மூன்று பூட்டு.
அலறுகிறது ஆறாயிரம்.
டிஸ்க்கைக் கவ்வுகிறது மூவாயிரத்து ஐந்நூறு.
ரப்பர்க் குழாய்க்குள் சங்கிலி, ஆயிரத்து எண்ணூறு.
"களவெடுக்க நினைச்சவன் எதையும் வெட்டுவான்.
இது கொஞ்சம் யோசிக்க வைக்கும், அவ்வளவுதான்."
லீசிங் இன்னும் பதினாலு மாதம்.
யோசிக்க வைத்தால் போதும் என்று வாங்கினேன்.

பாண்டிருப்பில், மீன்வாடிக்குப் பின்னால்,
விடியும்வரை நிற்கிற வண்டி.
உப்புக்காற்று
சாவித் துவாரத்துக்குள்தான் முதலில் குடியேறியது.
மார்கழியில் ஒருநாள்
ஆஸ்பத்திரி வாசலில் சாவி உள்ளேயே முறிந்தது.

பகல் பதினொரு மணி.
இரவல் ஹெக்சோ பிளேட்டால் அறுத்தேன்,
ஏழு நிமிடம்.
கச்சான்காரர் குடையை நகர்த்தி இடம் தந்தார்.
ஒரு பொடியன் சங்கிலியின் மறுமுனையை
இழுத்துப் பிடித்தான்.
பொலிஸ்காரர் ஒருவர் நின்று பார்த்தார், போனார்.
பெயர், நம்பர், புத்தகம் வீட்டில் இருக்கிற அலுமாரி,
எல்லாம் வாயில் ஆயத்தமாய் வைத்திருந்தேன்.
யாருடைய வண்டி என்று
ஒருவரும் கேட்கவில்லை.

மறுபடி ஜெஸீல்.
அலறுகிறதைத் தட்டிக் காட்டினான்.
காது கிழிந்தது.
தெருவில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

சங்கிலியையே எடுத்தேன்.
கூடவே ஒரு சின்னப் போத்தல்
தையல்மெசின் எண்ணெய்.