கம்பி போடாத வீடுகள்

பேய்ப்படம் எடுப்பவர்களுக்கு என் முதல் கேள்வி:
அந்த வீட்டு ஜன்னலுக்கு ஏன் கம்பி இல்லை?

காட்டு நடுவில் வீடு, சுவர் முழுக்கக் கண்ணாடி,
கேட் கிடையாது, நாய் கிடையாது,
வாசலைத் திறந்து போட்டுவிட்டு
மெழுகுவத்தியோடு மாடி ஏறுகிறாள் ஒருத்தி.
சாட்ஸ்வொர்த்தில் பேய்கூட
முதலில் மின்வேலியைத் தாண்ட வேண்டும்,
அப்புறம் கவெண்டர் வீட்டு நாயை,
அப்புறம் இரண்டு பூட்டை.
உள்ளே வருவதற்குள் அதற்கே உயிர் போய்விடும்.

அனுபவத்தில் சொல்கிறேன்.
பதினோரு வருஷமாக இரவு வேலை,
அலாரம் கம்பெனி, கன்ட்ரோல் ரூம்,
ஆறு திரை, ஒரு கெட்டில்.
ஏழாவது திரை என் ஃபோன், அதில்தான் படம்.
கொழுந்தன் சேக்ரன் ஏற்றித் தருவான்,
நல்லது கெட்டது பார்க்காமல்.
மின்வெட்டு வருஷங்களில் வீட்டில் பார்த்த பாதிப் படத்துக்கு
முடிவு தெரியாது எனக்கு.
பெரிய நஷ்டமாகத் தோன்றவில்லை.

துப்பறியும் கதைகள் ஒத்துவராது.
கொலைகாரன் கடைசியில் நின்று நிதானமாக விளக்குகிறான்,
ஏன், எப்படி, எந்தக் கத்தி என்று.
எங்கள் ஃபைல்களில்
யாரும் எதையும் விளக்கியதில்லை.

விண்வெளிப் படம் பிடிக்கும், ஒரு குறையோடு:
அந்தத் தட்டு ஏன் எப்போதும் அமெரிக்காவிலேயே இறங்குகிறது?
ஹிகின்சன் நெடுஞ்சாலையில் ஒருநாள் நிற்கட்டும்.
டாக்ஸிக்காரர்கள்
ஹார்ன் அடித்தே கிளப்பிவிடுவார்கள்.

பக்கத்து நாற்காலி சிபோங்கிலே சிரிப்பாள்.
அவள் சித்தி கட்டிலின் நாலு காலுக்கும் செங்கல் வைத்திருக்கிறாள்,
டோகோலோஷே குள்ளன், எட்டாது என்று.
"நாற்பது வருஷம், ஒரு தடவைகூட வரவில்லை.
செங்கல் வேலை செய்கிறது பார்" என்பாள்.
இதைவிட நல்ல திரைக்கதை நான் கண்டதில்லை.

சொல்ல வந்தது இதில்லை.

ஜூன் மாதம், வெள்ளிக்கிழமை, மணி பன்னிரண்டே முக்கால்.
ஹேவன்சைடில் ஒரு வீடு, அவசர பட்டன்.
கூப்பிட்டேன். பெண் குரல்.
ரகசியச் சொல் கேட்டேன்.
"வெந்தயம்" என்றாள். சரியான சொல்.
பின்னால் ஒரு சின்னக் குரல் வீறிட்டது.
"டிவி" என்றாள், "பேய்ப்படம் ஓடுது.
கை தவறிப் பட்டுருச்சு, ஸாரி."
என்ன படம் என்று கேட்டேன்.
விதிப் புத்தகத்தில் இல்லாத கேள்வி.
ஒரு மூச்சு விட்டுப் பெயர் சொன்னாள்.

அந்தப் படம் எனக்கு மனப்பாடம்.
உப்பளம், ஒரு காவல்காரன், காற்று.
ஒன்றரை மணி நேரத்தில்
குழந்தை என்று ஒன்று
வருவதே இல்லை.

வண்டி அனுப்பினேன்.
பூபாலன் ரேடியோவில் சொன்னான்:
"லைட் எரியுது. டிவி அணைஞ்சிருக்கு.
வீட்டுக்காரர் கேட்டுக்கு வந்தார், நல்லாத்தான் பேசுறார்.
பூட்டு, கம்பி, நாய், எல்லாம் பத்திரம்."

பத்திரம்தான்.
வேலிக்கு மேல் ஒன்று, கேட்டுக்கு நேர் ஒன்று,
நாங்கள் பொருத்திய கண்ணெல்லாம்
தெருவைப் பார்த்தபடி.

போலீஸுக்கும் சொன்னேன். மூன்று மணிக்குப் போனார்கள்.
என்ன கண்டார்கள் என்று சொல்லவில்லை,
எங்களுக்குச் சொல்வது வழக்கமில்லை.
ஜூலையில் அந்த வீட்டுக் கணக்கை மூடினார்கள்.
காரணம் என்ற கட்டத்தில்
யாரோ 'இடமாற்றம்' என்று அடித்திருந்தார்கள்.

இப்போதும் படம் பார்க்கிறேன்.
பேய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் சேக்ரனிடம்.
விண்வெளி போதும்.
பச்சையாய், மூன்று கண்ணாய், வானத்திலிருந்து
வருவது முன்னாலேயே தெரிகிறது.
ஊரே சேர்ந்து ஓடுகிறது.
"அண்ணிக்கு என்னாச்சு?" என்கிறான்.

மளிகைக் கடையில்
என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள்.
வெந்தயம் என்கிறேன்,
சரியாகச் சொன்னேனா என்று
அந்த ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு.