மைனஸ் பதினெட்டு

எட்டு மாதம்.
யூபி தொழிற்பேட்டையில் ஜன்னல் இல்லாத அறை.
எங்களுக்கு முன் அங்கே பித்தான் மொத்த வியாபாரம்;
ஒன்றிரண்டு இன்னும் காலில் குத்தும்.

பூன் செங் பற்றவைத்தான், நான் நிரல் எழுதினேன்.
உறைபெட்டிக்குள் ஒட்டிவைக்கும்
கட்டைவிரல் அகலக் கருவி.
பிழை, டிகிரியில் பத்தில் ஒரு பங்கு.
அதைச் சொல்லும்போது இருவரும்
சற்றே நிமிர்ந்து உட்காருவோம்.

கேலாங் சிராய் ஈரச்சந்தை, காலை பத்தரை.
மீன்கடை ரொஸ்னா, என் வயதுதான் இருக்கும்,
கையுறையைக் கழற்றாமலே திரையைப் பார்த்தாள்.
நீலக் கோடு, சிவப்புக் கோடு,
வாரச் சராசரி, மாதச் சராசரி.
விரலால் பெரிதாக்கிக் காட்டினேன்.

"குளிர் எனக்குத் தெரியும்" என்றாள்
வஞ்சிரத்தின் வயிற்றை அமுக்கியபடி.
"தெரியாதது ராத்திரிதான்.
தரை துடைத்தவர் யாரோ பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போக,
விடிந்து வந்து திறந்தேன்.
மூவாயிரம் வெள்ளி.
பெருநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது.
உன் கோடு என்னை எழுப்புமா?"

எழுப்பாது.
மின்னஞ்சல் அனுப்பும்.

வரைபடத்தைத் தூக்கிவிடலாம் என்றான் பூன் செங்.
பாயா லேபார் தாண்டும்வரை
அவனோடு நான் பேசவில்லை.

பல்கலைக்கழகத்தில் கணக்கு எப்போதும்
"கொடுக்கப்பட்டவை" என்று தொடங்கும்.
இங்கே யாரும் எதையும் கொடுப்பதில்லை.
கேள்வியையே போய் வாங்கிவர வேண்டியிருக்கிறது,
அதுவும் கூட்டம் குறைந்த நேரம் பார்த்து.

அன்றிரவு நாலாயிரம் வரிகளை அழித்தேன்.
அழுதேன் என்றால் மிகை.
கோப்பி ஆறிப்போனது, அவ்வளவுதான்.

மூன்றாம் வாரம்:
திரை இல்லை, கோடு இல்லை.
குளிர் தளர்ந்தால் தொலைபேசி அடிக்கும்,
எடுக்கும்வரை அடிக்கும்.

"எவ்வளவு?"

பிழை எல்லையை மூச்சுவிடாமல் சொல்லும் நாக்கு
விலையில் வந்து வழுக்கியது.
"மாதம்... பன்னிரண்டு?"
"பத்து" என்றாள், முற்றுப்புள்ளியோடு.

பின்னொரு நாள், அதிகாலை இரண்டு நாற்பது.
என் தலைமாட்டில் அவள் குரல், மூச்சிரைக்க:
"அடித்தது. எதிர் புளோக்தானே,
செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தேன்.
செருகியாயிற்று. மீன் கல்லாட்டம் இருக்கிறது."

பிறகு, கதவு சாத்தும் சத்தத்துக்கு நடுவே,
"கோழிக்கடைக்காரனுக்கும் ஒன்று வேண்டுமாம்.
அவனுக்குப் பதினைந்து.
கேட்காதே, சொல்."