சேதாரம்

தோட்டம் கழித்துப்போட்ட ஃபோர்ட்சன் மேஜர்
பழைய இரும்போடு லோரியில் ஏறி வந்து
என் எடைப்பாலத்தில் நின்றது.
லோரி போக இரண்டாயிரத்து நானூற்று அறுபது.
சீட்டுக் கிழித்தவள் நான்.
கிழித்த கையோடு வில்வநாதனுக்குப் போன் போட்டேன்:
கிலோ ஒரு வெள்ளி இருபது காசு,
ஆ சோங் ஒத்துக்கொள்வார்,
பாதி உன் காசு, பாதி என் காசு.

பிஸ்டன்கள் துருவில் இறுகிக் கிடந்தன.
டீசலும் பிரேக் ஆயிலும் கலந்து ஊற்றி
பதினொரு நாள் விட்டோம்.
பன்னிரண்டாம் நாள்
ப்ளைவீலில் கடப்பாரை போட்டு நெம்ப
ஒரு பல் நகர்ந்தது.
ஒரே ஒரு பல்.
அன்று ராத்திரி ரொட்டிச் சானாய்க் கடையில்
அதையே மேசைமேல் விரலால் நகர்த்தி
மாறி மாறிக் காட்டிக்கொண்டோம்.
தே தாரிக் ஆறிப்போனது.

கிராங்கை ஈப்போவில் சாணை பிடித்தார்கள்.
புதுப் பிஸ்டன் மூன்று ஒரே பெட்டியில் வந்தது,
நாலாவது எங்கிருந்தோ.
நாலும் ஒரே எடையா என்று பார்க்க வேண்டும்.
என் எடைப்பாலமோ
பத்துக் கிலோவுக்குக் கீழே எதையும் கண்டுகொள்ளாது.

துணிப்பையில் போட்டு
சிலிம் ரிவர் கடைத்தெருவில்
ஜீவரத்தினம் நகைக்கடைக்குக் கொண்டுபோனேன்.
தாலிக்கொடி பார்க்க வந்த குடும்பத்தை உட்காரவைத்துவிட்டு
ஒவ்வொன்றாய்த் தராசில் வைத்தார்.
நாலாவதில் ஏழு கிராம் கூடுதல்.
ஏழு கிராம்தானே, என்றேன்.
ஓடும்போது ஏழு கிராம்
ஏழு கிராமாகவா இருக்கும், என்றான் வில்வநாதன்.
ஜீவரத்தினமே அரம் எடுத்தார்.
உள்பக்க விளிம்பில் சுற்றிச் சுற்றி ராவி
தராசு, அரம், தராசு,
கடைசியில் அலுமினியத் தூளை
ரோஸ் தாளில் மடித்து என்னிடம் நீட்டினார்.
செய்கூலி வேண்டாம்மா.
சேதாரம் உங்களுடையது.

பதினேழாம் நம்பர் காட்டை
மறுநடவுக்குத் தரைமட்டமாக்கியிருந்தார்கள்.
ஞாயிற்றுக்கிழமை போட்டி அங்கேதான்.
ஆளும் வண்டியும் சேர்த்துத்தான் எடைக்கணக்கு.
வில்வநாதன் தொண்ணூற்றாறு, நான் நாற்பத்தெட்டு.
நான் ஏறினால்
மிச்ச நாற்பத்தெட்டை இரும்பாய் மூக்கில் தொங்கவிடலாம்.
அதனால் நான் ஏறினேன்.
இரும்புக்கு எங்கே போவது?
எடைப்பாலத்தைச் சரிபார்க்கும் மஞ்சள் எடைக்கல் இரண்டு,
இருபது இருபது கிலோ,
யாரையும் கேட்காமல் சங்கிலியில் கட்டினேன்.
பாக்கி எட்டுக்கு உடைந்த கப்பி.

அந்த இழுவைவண்டி ஒரு விசித்திரம்.
புறப்படும்போது பூனை மாதிரி வரும்.
அதன் சக்கரம் சுற்றச் சுற்ற
பின்னால் இருக்கும் சுமைப்பெட்டி முன்னே ஏறும்;
வெற்றிக்கோடு கிட்ட வரவர
மூக்கை மண்ணில் புதைத்துக்கொண்டு உட்காரும்.

நாற்பது மீட்டரில் என் முன்சக்கரம் தரையை விட்டது.
ஸ்டீயரிங் கையில் வெறும் வளையம்.
இடது பிரேக், வலது பிரேக்,
காலால்தான் திருப்பினேன்.
அறுபது.
கரும்புகை நேராய் நின்றது.
எழுபது, எண்பது,
எண்பத்து மூன்றில்
சோறு கருகுவதுபோல் ஒரு வாடை.
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
ட்ராக்டர் நின்றுவிட்டது.
கிளட்ச்.
எல்லாவற்றையும் பிரித்தோம், அதை மட்டும்
பரவாயில்லை, தாங்கும் என்று விட்டிருந்தோம்.

செகிஞ்சானிலிருந்து வந்த ரொஸ்லானின் மாஸி
தொண்ணூற்றொன்பதைத் தொட்டது.
அவரே ஓடிவந்து எங்கள் சங்கிலியைக் கழற்றினார்.
வில்வநாதன் கொடியைப் பார்க்கவில்லை, தூரத்தைக் கேட்கவில்லை.
நாலும் ஒண்ணா அடிச்சுதுல்ல, கோகிலா?
நாலும் ஒண்ணா அடிச்சுது.

திங்கள் காலை
முதல் செம்பனை லோரி வருமுன்னே
எடைக்கல்லை அலமாரியில் திரும்ப வைத்தேன்.
ஒன்றில் சங்கிலி உரசி
பெயிண்ட் போய்
இரும்பு பளிச்சென்று தெரிகிறது.
எத்தனை கிராம் தேய்ந்திருக்குமோ.
ஆகஸ்டில் சோதிக்க அதிகாரி வருவார்.
குறைகிறதே என்று கேட்டால்
மேசை டிராயரில், ரோஸ் தாளில்,
என்னிடம் ஏழு கிராம் இருக்கிறது.