இரண்டு பதினாலு

ஏழாம் வாட்டுக்குக் கொம்பியூட்டர் வந்த அன்று
எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.
ஒன்பது வருசம் மஸ்கட்டில் இருந்தவள்,
உனக்கென்ன, தண்ணி பட்ட பாடு என்றாள் பர்சானா.
விடியமுன் கிண்ணியாப் பாலம் தாண்டி வருகிறவளுக்கு
இனி ஒரே காய்ச்சலை இரண்டு தரம் எழுதவேண்டும்,
தாளில் ஒன்று, திரையில் ஒன்று.
அவள் திட்டுவதில் பிழையில்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
கடவுச்சொல் கேட்டது. விரல்கள் தாமாகவே
பழைய ஆஸ்பத்திரியின் சொல்லை அடித்தன.
பிழை என்றது, சிவப்பில்.

அங்கே எனக்கு அரபு வராது.
திரைக்கு என் உச்சரிப்புக் கேட்காது,
அதனால் அதோடு மட்டும் கூச்சமில்லாமல் இருந்தேன்.
பத்மலோஜினியை அது
பத்மலோ என்று வெட்டியது. போகட்டும்.
கழிப்பறையில் நின்ற பதினொரு நிமிசத்தையும்
எழுதி வைத்தது.
சம்பளச் சீட்டில் கழிந்து வந்தது.

பிறகு அந்த இரவு.
பதின்மூன்றாம் கட்டில் கிழவருக்கு இன்சுலின் கூடிப்போய்
விடிய, எல்லா விரலும் என் பக்கம்.
இலங்கைக்காரி. புதுசு. பாஷை விளங்காது.
எனக்காக வாய்திறக்க ஒரு மனிசர் இல்லை.
இரண்டு பதினாலுக்கு நான்
மூன்றாம் அறையில் வேறொருவரின் பிரஷர்
பதிந்துகொண்டிருந்தேன் என்று
சொன்னது அதுதான்.
கழிப்பறையைக் காட்டிக்கொடுத்த அதே வாய்.

இதைப் பர்சானாவுக்கு எங்கே தொடங்கிச் சொல்ல?

நேற்றுக் கார்த்திகை மழை.
பன்னிரண்டரைக்குக் கரண்ட் போனது.
ஜெனரேற்றர் இரண்டு தரம் இருமிவிட்டுப் படுத்தது.
சல்லியிலிருந்து வந்த கந்தவனம் அண்ணைக்கு
மூச்சு இழுத்தது.
நான் சிலிண்டரைத் திருகினேன்,
பர்சானா டோர்ச்சைப் பல்லில் கடித்தபடி
ஊசி ஏற்றினாள்.
எழுதத் தாளும் தெரியவில்லை, திரையும் இல்லை.
என் இடது கையுறையின் முதுகில்
நேரம், அளவு, நாடி, மறுபடி நேரம்
நீலப் பேனையால்.
மின்னியபோது யன்னலுக்கு அப்பால்
வாசல் கூரைக்குள் ஒதுங்கிய மூன்று மான்கள்
எங்களையே பார்த்துக்கொண்டு நின்றன.

ஐந்தரைக்கு வெளிச்சம் வந்தது.
கந்தவனம் அண்ணை தேத்தண்ணி கேட்டார்,
சீனி கூட்டி.

கையுறையைக் கழற்றாமல் திரைக்கு முன் இருந்தேன்.
கொடுத்த நேரத்துக்கும் பதியும் நேரத்துக்கும்
ஏன் இவ்வளவு இடைவெளி என்று
ஒரு பெட்டி திறந்து கேட்டது.
மழை என்று அடித்தேன்.
போதாதென்றது.

பர்சானா தோளுக்கு மேலால் எட்டினாள்:
ஊசி போட்டது நான். என்ட பேரைப் போடு மிஸ்,
நாளைக்கு ஏதும் கேள்வி வந்தா?
பாத்திமா பர்சானா, முழுவதும் அடித்தேன்.
வெட்டாமல் எடுத்துக்கொண்டது.

நேரம்?
கையுறையில் வேர்வை பட்டு மை கலங்கியிருந்தது.
பன்னிரண்டு நாற்பத்தொன்றா, நாற்பத்தேழா.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்,
திருப்பிப் பார்த்தேன்.

நாற்பத்தொண்டு, என்றாள்,
மணிக்கூட்டைப் பாராமல்,
என் முகத்தைப் பார்த்து.

அடித்தேன்.
சேமிக்கவா என்று கேட்டது.