உருக நான்கு நாள்

வான்கோழி உருக நான்கு நாள் வேண்டும்.
வியாழன் விருந்தென்றால்
இன்று, ஞாயிறு, இருட்டுவதற்குள்
ஃப்ரீசரைத் திறந்தாக வேண்டும்.

மூன்று மாநிலம் தாண்டி வருகிறேன் என்கிறான் ஈவர்.
டெஸ்ட் நெகட்டிவாம், போன செவ்வாய்.
செவ்வாய்க்குப் பிறகு
எத்தனை பெட்ரோல் பங்க், எத்தனை கதவுப்பிடி,
நான் கேட்கவில்லை.

டுலூத் துறைமுகத்துத் தானியத் தூசியை
முப்பது வருடம் குடித்த நுரையீரல் அப்பாவுக்கு.
அவர் சொன்னது: "உங்க இஷ்டம்."
ஈவரும் அதையே சொன்னான்.
நானும் சொல்லிப் பார்த்தேன்.
மூன்று பேர் கைமாற்றியும்
சூடு ஆறவில்லை அதற்கு.

வராதே என்பது மூன்றெழுத்து.
வா ஒன்றுதான்,
அதனால்தானோ முதலில் வாயில் வருகிறது.

பறவையை எடுத்துத் தொட்டியில் கிடத்தினேன்.
பதினெட்டுப் பவுண்டு. விரல் மரத்தது.
ஒன்பது பேருக்குச் சரி,
எனக்கு ஒருத்திக்கு
தை மாதம் வரை சூப்.
மறுபடி உள்ளே வைத்தேன்.

ஆறு மணிக்கு அப்பாவே அழைத்தார்.
"வெளியே எடுத்துட்டியா?"
இல்லை.
"நல்லது" என்றார்,
என்றாலும் போனை வைக்கவில்லை.
அவர் வீட்டு டிவியில் வானிலை
எனக்கும் கேட்டது:
வியாழன் பனி இல்லை,
சாலைகள் எல்லாம் தெளிவாக இருக்கும்.